பதினொன்றிலிருந்து நாலு வரை

கோடை விடுமுறையை எல்லோரும் மாதக் கணக்கில் சொல்வார்கள். என் தொழிலில் அது ஒரு நாளைக்கு 5 மணி நேரம்: காலை 11 முதல் மாலை 4 வரை. அதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகளைத் தெரு பார்த்துக்கொள்ளும். வேப்பமரம் இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது, குட்டி போட்ட நாய் இருக்கிறது. நடுவில் கிடக்கும் அந்த 5 மணி நேரத்துக்குத்தான் என்னைப் போல ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

அம்பத்தூரில் டியூஷன் எடுப்பவள் நான். பிள்ளைகளுக்கு ‘மிஸ்’, அவர்களுடைய அம்மாக்களுக்கு ‘அக்கா’. ஏப்ரலில் பரீட்சை முடிந்தால் டியூஷன் நிற்கும், வரும்படியும் நிற்கும். 1990-களின் நடுவில் ஒரு கோடை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். “அக்கா, பாடம்லாம் வேணாம். சும்மா உக்கார வெச்சிருந்தா போதும். வெளிய பூட்டிட்டுப் போனா மிஷின்ல கையே ஓட மாட்டேங்குது” என்றாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளோடு தொடங்கியது. அடுத்த வாரமே அவள் லைனில் உட்கார்ந்து தைக்கிற மற்றவர்களும் வந்துவிட்டார்கள். கம்பெனியில் சம்பளம் போடுகிற நாளில் எனக்கும் கைக்கு வரும். பெரிய காசு இல்லை. அரிசிக்கும் கரண்ட் பில்லுக்கும் ஆகும்.

இவர்கள் ஏன் என்னைத் தேடி வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பிளாஸ்டிக் மோல்டிங் என்று இருந்த எஸ்டேட்டில் பிறகு துணிக் கம்பெனிகளும் சேர்ந்தன. பெண்கள் கூட்டம் கூட்டமாக ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தார்கள். 1948-ம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டியிருந்தது. அதுவும் 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருப்பார்கள். மே மாதத்தை அவர்கள் நினைக்கவில்லை. பள்ளியைச் சாத்தினால் சத்துணவும் சேர்ந்தே நின்றுவிடும். மத்தியானச் சாப்பாடும் முட்டையும் பள்ளியில் கிடைத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு விடுமுறையில் வீட்டுச் சோறுதான், அதைப் போட ஆள் இருந்தால். 2022-க்குப் பிறகு காலை உணவும் பள்ளியிலேயே கிடைப்பதால், விடுமுறை விட்டால் இரண்டு வேளை கேள்விக்குறி. ஆகவே என் வீட்டு விதி ஒன்றே ஒன்று: டிபன் பாக்ஸ் இல்லாமல் யாரும் வரக் கூடாது. பன்னிரண்டரைக்கு எல்லாப் பாக்ஸையும் நடுவில் திறந்து வைப்பேன். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் வெறும் ஊறுகாய் என்பது முதல் இரண்டு நாள்தான் தெரியும். பிறகு எல்லாம் கலந்துவிடும்.

இனி அந்த 5 மணி நேரத்துக்கு வருகிறேன்.

மேற்குப் புறநகரில் வெயில் மெரினாப் பக்கத்து வெயில் இல்லை. மத்தியானம் கடல்காற்று கிளம்பினால் முதலில் கரையோரம் இருப்பவர்களுக்குத்தான். அது நுங்கம்பாக்கம், அண்ணா நகர், பாடி என்று தாண்டி எங்களிடம் வரும்போது பாதி நாள் போயிருக்கும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இன்னும் தாமதம். சில நாள் வராமலே போய்விடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்திலேயே 45 டிகிரி பதிவானது. ஓட்டு வீட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலும் இருந்த எங்களுக்கு அன்று எவ்வளவு என்று கேட்கவே வேண்டாம். மாடிக் கைப்பிடியில் ஒரு பாலிதீன் நாடாவைக் கட்டி வைத்திருப்பேன். அது மேற்குப் பக்கம் ஆடத் தொடங்கினால் காற்று வந்துவிட்டது என்று பொருள். “மிஸ், ஆடுது!” என்று எவனாவது கத்துவான். அதற்கு அப்புறம்தான் தெருக்கதவு திறக்கும்.

கதவு திறக்கும்வரை பிள்ளைகளைத் திண்ணைக்குள் வைத்திருக்க என்ன வழி? முதல் கோடையில் பெற்றோரே பந்து, பேட், ஷட்டில்காக் எல்லாம் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல மனசுதான். ஆனால் கடைப் பந்து கைக்கு வந்த பிள்ளை உட்காருமா? பன்னிரண்டு மணி வெயிலுக்கு அதை வெளியே இழுத்துக்கொண்டு போவதே அந்தப் பந்துதான். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் என் தொழிலின் சூத்திரம் பிடிபட்டது. செய்கிற வேலை மத்தியானத்துக்கு. ஆடுகிற வேலை சாயங்காலத்துக்கு. ஆட வேண்டிய பொருளை உச்சி வெயிலில் உட்கார்ந்து அவர்களே செய்ய வேண்டும். நாலு மணிக்குத்தான் அது முடிய வேண்டும். மூன்று மணிக்கே முடிந்துவிடும்போல் இருந்தால், “இன்னும் ஒரு சுத்து போடு, இல்லாட்டி பிஞ்சிடும்” என்பேன்.

டியூப் பந்து இதற்கு முதல் பாடம். சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட முடியாமல் தூக்கிப் போட்ட டியூபைக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். சைக்கிளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள் கம்பெனியே அம்பத்தூரில்தான். டியூபைக் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு வளையம் வளையமாக நறுக்க வேண்டும். ரப்பர் நறுக்க நறுக்கக் கத்தரிக்கோல் ஒட்டும்; அதில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொண்டால் வழுக்கிப் போகும். பழைய பேப்பரை நனைத்துப் பிழிந்து எலுமிச்சை அளவு உருண்டை. அதன் மேல் பால் கவர். அதன் மேல் முதல் வளையம். அடுத்தது அதற்குக் குறுக்கே. பிறகு இரண்டுக்கும் இடையில் சாய்வாக. ஒரே பக்கமாகப் போட்டுக்கொண்டே போனால் பந்து பூசணிக்காய் மாதிரி சப்பையாகி, தரையில் அடித்தால் ஒரு பக்கம் ஓடும். சுற்றிச் சுற்றிப் போட்டால் நாற்பது, ஐம்பது வளையத்தில் கடைப் பந்தை விட உயரமாக எகிறும். மேலே பட்டால் வலிக்கும் என்பதால் கிரிக்கெட்டுக்கு ஆகாது. கேட்ச் பிடிக்கவும் சுவரில் அடிக்கவும் ஏழுகல் ஆடவும் சரியாக இருக்கும்.

கத்தரிக்கோல் ஒன்றுதான் வைத்திருந்தேன். இன்னொன்று வாங்கக் காசில்லாமல் இல்லை. ஒரு கத்தரிக்கோல் இருந்தால் ஒருத்தன் நறுக்க, ஒருத்தி டியூபை இழுத்துப் பிடிக்க, சின்னது பேப்பரைப் பிழிய, நாலு பேர் ஒரு பந்தைச் செய்வார்கள். ஆளுக்கொரு கத்தரிக்கோல் கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்து, அரை மணியில் சண்டைக்கு வருவார்கள்.

எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பொம்மைக் கடை எஸ்டேட்டின் கழிவு மூட்டைதான். துணிக் கம்பெனியிலிருந்து கட்டிங் வேஸ்ட் வரும். காலியான நூல் கோன் வரும். லேத் பட்டறையில் தேய்ந்துபோன பால்ரஸ் கிடைக்கும். பேக்கிங்கிலிருந்து அட்டைப்பெட்டி. அம்மாக்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டே எடுத்து வருவார்கள். கேட்டில் சோதனை உண்டு. துணி மூட்டை வந்ததும் முதல் வேலை காந்தம். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம் ஒன்று என்னிடம் இருந்தது. மூட்டையைத் தரையில் கொட்டி, பரப்பி, அதன் மேல் மெல்ல ஓட்டினால் ஒடிந்த ஊசிமுனை ‘டிக்’ என்று வந்து ஒட்டும். இதையே ஒரு ஆட்டமாக்கிவிட்டார்கள்: ஊசி கண்டுபிடிப்பவன் அன்றைக்குச் செக்கிங் ஆபீசர். அவன் பாஸ் போடாமல் துணியை யாரும் தொடக் கூடாது. அம்மா வேலை செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது இந்தப் பிள்ளைகளுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். ஒருத்தி இடுப்பில் கை வைத்து, “புரொடக்ஷன் என்னாச்சு?” என்று அதட்டுவாள். அவளுடைய அம்மாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லேத்தில் சீவி விழும் இரும்புச் சுருள் மட்டும் என் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. பார்க்க வெள்ளி ஜிகினா போல மின்னும், தொட்டால் பிளேடு.

பால்ரஸ் வண்டிக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். பலகை ஒன்று, பின்னால் இரண்டு பால்ரஸ், முன்னால் திருப்புகிற கட்டையில் ஒன்று. மர அச்சை பால்ரஸ் துளைக்கு ஏற்ப இழைத்து இறுக்குவதுதான் கஷ்டம். கொஞ்சம் தளர்ந்தால் ஓட்டத்தில் கழன்றுவிடும், கொஞ்சம் அதிகமானால் உள்ளே போகாது. ஐந்தாம் வகுப்பில் பின்னம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையன் இந்த அச்சை நூல் நூலாக இழைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பான். சிமெண்ட் ரோட்டில் அது போடும் சத்தத்துக்கு எதிர்வீட்டுத் தாத்தா எனக்கு விட்ட சாபங்களைத் தனியாக எழுதலாம்.

அடுத்தது புளியங்கொட்டை. பங்குனி, சித்திரையில் புதுப்புளி வாங்கி வீட்டில் கொட்டை எடுப்பார்கள். டப்பா டப்பாவாகச் சேர்ந்துவிடும். சிமெண்ட் தரையில் ஒரு பக்கம் மட்டும் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயக்கட்டை தயார். தேய்ப்பதே பெரிய ஆட்டம், ஏனென்றால் சூடேறிய கொட்டையைப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைக்கலாம். தேய்க்காத கொட்டை பல்லாங்குழிக்கு. பலகை வாங்கினதில்லை. முட்டைக் கடையில் கிடைக்கும் காகித அட்டையை வெட்டிக்கொள்வோம். அதில் ஒரு சிக்கல்: ஒரு வரிசையில் 6 குழிதான் வரும். ஏழாவதைத் தனியாக நறுக்கிச் சோற்றுப் பசையில் ஒட்ட வேண்டும். இரண்டு பக்கமும் 7, மொத்தம் 14 குழி, குழிக்கு 5 வைத்தால் 70 கொட்டை. ஓட்டத்தில் எந்தக் குழியிலாவது 4 சேர்ந்தால் ‘பசு’, அது அந்தக் குழிக்காரருக்கு. மூன்றாம் வகுப்புப் பெண்ணொருத்தி எதிராளியின் குழியை ஒரு தரம் பார்த்து, எங்கே எடுத்தால் எங்கே முடியும் என்று வாய் முணுமுணுக்கச் சொல்லிவிடுவாள். பெரிய பையன்கள் அவளோடு ஆட மறுத்தார்கள். அவமானம்!

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மந்த நேரம் இருக்கிறது, ஒன்றரையிலிருந்து இரண்டரை. கையில் வேலை ஓடாது, தூக்கமும் வராது. கரண்ட் போவதும் அப்போதுதான். அதற்கு வாய் ஆட்டம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது ஸ்டேஷன் ஆட்டம். சென்ட்ரலில் ரயில் கிளம்பும். ஆளுக்கொரு ஸ்டேஷன் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி ஜீவா, பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர் லோகோ, வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி. தப்பினவர் இறங்கிவிட வேண்டும். பெரம்பூர் மூன்று தரம் வருவதால் அங்கேயே பாதிப் பேர் இறங்கிவிடுவார்கள். ஆவடி தாண்டி இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி என்று திருநின்றவூர்வரை போகிறவள் யாராவது அங்கே பாட்டி வீடு உள்ளவளாக இருப்பாள். திரும்பி வரும் ரயிலில் தலைகீழாகச் சொல்ல வேண்டும். இதே தடத்தில்தான் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது என்று சொன்னேன். “அப்போ டிக்கெட் எவ்ளோ மிஸ்?” என்றுதான் கேட்டார்கள். நம்ம பிள்ளைகள்.

படிக்க வைத்தேனா என்று கேட்பவர்கள் உண்டு. பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் அம்புலிமாமா, கோகுலம், துளிர் கிடைக்கும். துளிர், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-லிருந்து நடத்தும் பத்திரிகை. அதில் வரும் சோதனைகளைச் செய்ய எலுமிச்சம்பழமும் மெழுகுவர்த்தியும் இருந்தால் போதும். அப்போது வெள்ளிக்கிழமை என்றால் தினமலரோடு சிறுவர் மலர். கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் கணக்கு நேராகிவிடும். நூலகத்துக்குப் போகத் தயங்கும் அம்மாக்களிடம், வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், 1948 நூலகச் சட்டத்திலிருந்து இதுதான் ஏற்பாடு, உன் வாடகையில் அதுவும் இருக்கிறது, உள்ளே போய் ஃபேனுக்குக் கீழே உட்கார் என்பேன்.

குடிக்க மோர், பானகம், எப்போதாவது ரஸ்னா. ஒரு பாக்கெட்டுக்கு 32 தம்ளர் என்று விளம்பரம் சொன்னது. தம்ளர் எந்த சைஸ் என்பதில்தான் சூட்சுமம். என் வீட்டில் 40 வந்திருக்கிறது. நுங்கு வாங்கினால் இரட்டை லாபம். தின்ற பிறகு இரண்டு கூந்தலையும் ஒரு குச்சியில் கோத்து, கவைக் கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி. ஒரு வாரத்தில் காய்ந்து சுருங்கிவிடும். அதற்குள் அடுத்த நுங்கு.

காத்தாடியும் உண்டு. ஈர்க்குச்சி, பேப்பர், சோற்றுப் பசை, தையல் நூல். மாஞ்சா மட்டும் கிடையாது. சி.டி.எச். ரோட்டில் பைக்கில் போகிறவர் கழுத்தில் நூல் இழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பெரிய பையன்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன். டீல் போட முடியாத காத்தாடி எதற்கு என்று முறைத்துக்கொண்டு ஒருவன் இரண்டு நாள் வரவே இல்லை. மூன்றாம் நாள் வந்து வால் ஒட்டிக்கொண்டிருந்தான். ஏரி விஷயத்திலும் அப்படித்தான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, அயப்பாக்கம் ஏரி எல்லாம் பெயரளவில்கூட என் பட்டியலில் இல்லை. நீச்சல் தெரியும் என்று சொல்கிற பையனைத்தான் முதலில் பயந்து பார்ப்பேன்.

2019 கோடை வேறு மாதிரி. செம்பரம்பாக்கம், புழல், சோழவரம், பூண்டி நான்கும் கிட்டத்தட்ட வற்றிப்போன வருடம். ஒவ்வொரு பிள்ளையும் டிபன் பாக்ஸோடு ஒரு பாட்டில் குடிநீரும் இன்னொரு பாட்டில் கை கழுவத் தண்ணீரும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த மே மாதம் முழுக்க அவர்கள் ஆடியது லாரி ஆட்டம். அட்டைப்பெட்டிதான் லாரி, நூல் கோன்கள் குடங்கள். வரிசையில் யார் முன்னால் என்பதில் சண்டை, டோக்கன், கூச்சல், வார்டு ஆளைத் தெரியும் என்று ஒருவன் நடுவில் புகுவது. ஒன்றையும் விடவில்லை.

வெளியே கூட்டிப்போவது அபூர்வம். மின்சார ரயிலில் வில்லிவாக்கம் இறங்கி, ஐ.சி.எஃப். பக்கம் நியூ ஆவடி ரோட்டில் இருக்கும் ரயில் அருங்காட்சியகம் ஒரு தரம். காலையில் திருமுல்லைவாயல் மாசிலாமணீஸ்வரர் கோயில். கல் மண்டபம் குளுகுளுவென்றிருக்கும். அங்கே நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டி வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தொண்டைமானுக்குத் துணையாகப் போகக் கிளம்பிய நந்தி என்று கதை. இதை நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. “இந்தக் கோயில்ல ஒண்ணு திரும்பி இருக்கு, கண்டுபிடி” என்று விட்டுவிடுவேன். தேடி முடிக்கவே பாதிக் காலை போகும். 2021-லிருந்து வெள்ளை போர்டு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. எனக்கும் பெண்பிள்ளைகளுக்கும் செலவே கிடையாது. பையன்களுக்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும். “நாங்க மட்டும் என்ன பாவம் பண்ணோம்?” என்று அவர்கள் கண்டக்டரிடம் நியாயம் கேட்டதும் உண்டு.

டிவியைப் பற்றியும் போனைப் பற்றியும் எல்லோரும் என்னிடம் எதிர்பார்ப்பது ஒரு புலம்பல். 2007-ல் சுட்டி டிவி வந்தபோது என் வீட்டில் கூட்டம் குறைந்ததென்னவோ உண்மை. அந்த டிவியை வீட்டில் பூட்டிக்கொண்டு தனியாகப் பார்க்க வேண்டும் என்று ஆனதும் ஜூன் வருவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். போன் கொஞ்சம் கெட்டிக்கார எதிரி. அதைத் தடை செய்யவில்லை. வாசலில் ஒரு அரிசி டப்பா. எல்லாப் போனும் அதில். அம்மா கூப்பிட்டால் எடுக்கலாம். மத்தியானம் ஒரு போனை மட்டும் வெளியே எடுத்து, ஏதாவது செய்வது எப்படி என்று ஒரு வீடியோ பார்ப்போம், எல்லோரும் ஒரே போனில். பார்த்த கையோடு செய்யத் தொடங்கினால் போன் மறந்துவிடும். கை சும்மா இருந்தால்தான் அது தேடும்.

2023-ல் வெயில் குறையவில்லை என்று ஜூன் முதல் வாரத்தில் திறக்க வேண்டிய பள்ளிகளை முதலில் 7-ம் தேதிக்குத் தள்ளினார்கள். பிறகு பெரிய வகுப்புகளுக்கு 12, ஒன்று முதல் ஐந்துவரை 14. இரண்டாவது அறிவிப்பு வந்தபோது பிள்ளைகள் குதித்த குதியில் திண்ணையே அதிர்ந்தது. எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது. டியூப் தீர்ந்துவிட்டது, கொட்டை தீர்ந்துவிட்டது, எல்லாக் கதையும் சொல்லியாகிவிட்டது. கம்பெனி லஞ்ச் டைமில் போன்.

“அக்கா, நியூஸ் பாத்தீங்களா? சின்னவனுக்கு 14-ம் தேதிதானாம். இன்னும் ஒரு வாரம்…”

“பாத்தேன். அனுப்பு. பேக்கிங்ல பெரிய பெட்டி ரெண்டு கேட்டு வாங்கிட்டு வா. ஃப்ரிட்ஜ் சைஸ். சின்னது வேணாம்.”